சேனலுக்கு 150 வாட் என்று அட்டையில் போட்டிருந்தால், உண்மையில் எவ்வளவு வரும்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. ஹால் 12க்கு 16 அடி. புதிதாக 7.1 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் ஹோம் தியேட்டர் பெட்டி) வாங்கியிருக்கிறார், அட்டைப்பெட்டியில் சேனலுக்கு 150 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் அதே முன் ஸ்பீக்கர்களை மச்சான் வீட்டுப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால், அது வெறும் 60 வாட்தான், பாட்டு இன்னும் கனமாகக் கேட்கிறதாம். 150 வாட் பொய்யா, உண்மையான வாட்டை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கூட வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலான ரிசீவர்களுக்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வாட் கணக்கு இருக்கும். 150க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்" என்பது போல எழுதியிருக்கும். கொஞ்சம் தள்ளி "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08%, 2 சேனல்" என்று 80 வாட் அளவில் இன்னொரு கணக்கு இருக்கும். இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றியதுதான், இரண்டும் பொய்யில்லை. எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

150 எப்படி 80 ஆகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த அட்டையையும் நீங்களே படித்துவிடலாம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 6 ஓமில் 150 வாட் என்றால் 30 வோல்ட் (30ஐ 30ஆல் பெருக்கினால் 900, அதை 6ஆல் வகுத்தால் 150). அதே 30 வோல்ட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 112 வாட்தான். அடுத்தது அந்த 10% டிஸ்டார்ஷன். அந்த அளவில் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்பட்டுப் போயிருக்கும், காதுக்கு அது கரகரப்பு, யாரும் அப்படி வைத்துப் பாட்டுக் கேட்கமாட்டார்கள். வெட்டுப்படாத அளவுக்கு இறங்கிவந்தால் இன்னும் கால் பங்கு போல குறைந்து 85, 90க்கு வந்துவிடும். அதையும் ஒரு சேனலுக்குப் பதிலாக இரண்டு சேனலில், 20 ஹெர்ட்ஸ் அடிநாதம் வரை தொடர்ந்து கொடு என்று கேட்டால் 80 வாட்.

மச்சானுடைய பழைய ஆம்ப்ளிஃபயரின் 60 வாட் அநேகமாக இந்தக் கடைசி வகைக் கணக்காக இருக்கும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கம்பெனிகள் வாய்க்கு வந்த வாட்டை விளம்பரம் செய்துகொண்டிருந்தன. அதனால் அங்கே எஃப்.டி.சி. என்னும் வணிக ஆணையம் 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், எந்த அலைவரிசை, எத்தனை ஓம், எவ்வளவு டிஸ்டார்ஷன் என்று சொல்லாமல் வாட்டைப் போடக்கூடாது, அளப்பதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஸ்டீரியோ காலத்து நல்ல கம்பெனிகளின் எண்கள் நம்பும்படி இருப்பதற்கு இந்த விதி பெரிய காரணம். 2024இல் அதைப் புதுப்பித்து 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷன் என்று இன்னும் இறுக்கினார்கள். ஆனால் அடிப்படையில் அது ஸ்டீரியோவை மனதில் வைத்து எழுதிய விதி. 5 சேனல், 7 சேனல் பெட்டிகள் வீட்டுக்கு வந்தது 1974க்கு அப்புறம்தான்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். ஆம்ப்ளிஃபயரில் வாட் என்பது சேனலுக்குச் சொந்தமில்லை, உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் கெப்பாசிட்டருக்கும் சொந்தம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஏழு குழாய் இறக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், ஏழையும் திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒழுகும். ஏழு சேனல் ரிசீவரில் ஒரே ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது. சேனலுக்கு 150 என்பதை ஏழால் பெருக்கி 1050 வாட் என்று மனதில் போட்டுக்கொண்டால் அங்கேதான் ஏமாறுகிறோம்.

இதைக் கண்ணால் பார்த்தது ஒரு அசெம்பிள்டு பெட்டியில். சொந்தக்காரர் ஒருவர் வாங்கிவந்தது, கடை பெயர் வேண்டாம். முன்பக்கம் நீல எல்.ஈ.டி., மேலே ஸ்டிக்கரில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. அந்த நான்கெழுத்துக் கணக்குக்கு அளவுமுறையே கிடையாது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம், அதனால் அதைப் படிக்கவே வேண்டாம். மூடியைக் கழற்றினால் ஆறு சேனலுக்கும் 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடிகள் வரிசையாக, பார்க்க நன்றாகவே இருந்தன. அந்த ஜோடி சரியான சப்ளை கிடைத்தால் 100 வாட் கொடுக்கக்கூடியது. ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒட்டியிருந்த சீட்டில் 18-0-18, 3 ஆம்பியர் என்று பேனாவால் எழுதியிருந்தது. 36 வோல்ட், 3 ஆம்பியர், மொத்தம் 108 விஏ. 18 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 25 வோல்ட், டயோடில் போனது, லோடு ஏறும்போது இறங்கியது, ட்ரான்சிஸ்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது எல்லாம் கழித்தால் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் உச்சம் போகும். வாட் கணக்குக்கு உச்சத்தை எடுக்கக்கூடாது, மீட்டர் காட்டும் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும், 20 உச்சத்துக்கு அது 14. 8 ஓமில் அது 25 வாட். அதுவும் ஓரிரு சேனல் ஓடும்போது. ஆறும் சேர்ந்து இழுத்தால் 108 விஏயில் சூடாகப் போவது போக மிஞ்சுவது 60 வாட் அளவுதான், சேனலுக்கு 10. ட்ரான்சிஸ்டரை எண்ணி வாட் சொல்லாதீர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் சீட்டைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அந்தப் பெட்டியைத் திறந்த நாளிலிருந்துதான்.

கம்பெனி ரிசீவரில் சீட்டு இருக்காது, மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும். அதனால் பலர் பின்பக்க லேபிளில் இருக்கும் மின் நுகர்வைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள்: "400 வாட் என்று போட்டிருக்கிறான், அப்புறம் எப்படி 7 தடவை 100 வரும்?" இந்த வாதம் பாதி சரி. கிளாஸ் ஏபி (ரிசீவர்களில் வழக்கமாக வரும் வகை) ஆம்ப்ளிஃபயர் உள்ளே வாங்குவதில் பாதி அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். கோட்பாட்டளவில் உச்சமே 78.5 சதவீதம். ஆனால் அந்த லேபிள் பெட்டி இழுக்கக்கூடிய அதிகபட்சம் இல்லை. ஐ.ஈ.சி. என்னும் சர்வதேச மின் தர அமைப்பின் பாதுகாப்பு விதிப்படி அதை எட்டில் ஒரு பங்கு பவரில் ஓட்டித்தான் அளப்பார்கள், சராசரி பாட்டு அவ்வளவுதான் இழுக்கும் என்பதால். ஆகவே முழு வேகத்தில் லேபிளைத் தாண்டியும் இழுக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட லேபிள் உதவும், வாட்டை முடிவுசெய்ய உதவாது. அதைவிட எடை எனக்கு நம்பகமான அடையாளம். 500 விஏ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றே 4 கிலோவுக்கு மேல் வரும். கிளாஸ் ஏபி ஏழு சேனல் ரிசீவர் மொத்தமே 8 கிலோ என்றால், கேஸ், ஹீட் சிங்க், போர்டு எல்லாம் போக உள்ளே என்ன ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். (கிளாஸ் டி, ஸ்விட்சிங் சப்ளை பெட்டிகளுக்கு இந்த எடைக் கணக்கு பொருந்தாது, அவை இலேசாக இருந்தும் நன்றாகக் கொடுக்கும். அங்கே அடாப்டரைப் பாருங்கள்: 24 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 120 வாட், போர்டில் 100+100 என்று எழுதியிருந்தாலும்.)

சரி, வீட்டிலேயே அளப்பது எப்படி? ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முடியும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு மேசையில் நான் செய்ததையே சொல்கிறேன். முதலில் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட வேண்டும், டெஸ்ட் டோனை முழுப் பவரில் கொடுத்தால் வாய்ஸ் காயில் கருகிவிடும். ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டர். 8 ஓம் 100 வாட் அலுமினிய ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்றால் 82 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் பத்தைப் பக்கம் பக்கமாக பேரலலில் சால்டர் பண்ணினால் 8.2 ஓம், 100 வாட் லோடு தயார். ஐந்து சேனலுக்கு ஐம்பது ரெசிஸ்டர், ஒரு மாலை வேலை. கீழே ஒரு ஓடோ டைல்ஸ் துண்டோ வையுங்கள், தொட்டால் கொப்புளம் வரும் அளவுக்குச் சூடாகும்.

ரிசீவரில், அறைக்கு ஏற்ப ஒலியைத் தானே திருத்தும் ரூம் கரெக்‌ஷனை அணைத்து, எல்லா ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' என்று வைத்து, 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் கொடுங்கள். ஏன் 100 என்றால், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் ஏசி வோல்ட்டை 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் காட்டும், 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் எண் தப்பாக வரலாம். மீட்டரை ரெசிஸ்டரின் இரு முனையிலும் வைத்து, வால்யூமை ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். இதுதான் முக்கியமான இடம். ஒரு டெசிபல் ஏறினால் வோல்ட் 12 சதவீதம் ஏற வேண்டும். என் ரிசீவரில் ஒரு சேனலில் 17.8, அடுத்து 20.0, 22.4, 25.1 என்று சரியாக ஏறிக்கொண்டே வந்தது. அதற்கடுத்து 28.2 வந்திருக்க வேண்டும், மீட்டர் 26.6இல் நின்றுவிட்டது. அதாவது அலை வெட்டுப்படத் தொடங்கிவிட்டது. ஆகவே சுத்தமாகக் கிடைத்த கடைசி அளவு 25.1 வோல்ட். 8.2 ஓமில் அது 77 வாட். கையேட்டில் 2 சேனலுக்கு 80 என்று போட்டிருக்கும் பெட்டி, ஒரு டெசிபல் படியில் அளந்ததற்கு இது நேர்மையான எண் என்றே சொல்வேன்.

அப்புறம் 'மல்டி சேனல் ஸ்டீரியோ' மோடில் போட்டு ஐந்து சேனலிலும் லோடு மாட்டி அதே டோனைக் கொடுத்தேன். அதே முதல் சேனலில் இப்போது 18.4 வோல்ட்டைத் தாண்டும்போதே படி தடுமாறியது. 41 வாட். 150 என்று அட்டையில் அச்சடித்த வகைப் பெட்டி, ஐந்து குழாயும் திறந்தால் 41. ஒவ்வொரு அளவையும் பத்து விநாடிக்குள் எடுத்துவிட்டு வால்யூமை இறக்கிவிடுங்கள். சில ரிசீவர்கள் இந்த இடத்தில் ப்ரொடெக்‌ஷனில் போய் அணைந்துவிடும், வேறு சில சத்தமில்லாமல் பவரை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளும். அது பழுதில்லை, சூட்டுக்குப் பயந்து கம்பெனி வைத்த காவல்.

இந்த எண்களை நான் எடுத்தபோது பிளக்கில் 228 வோல்ட் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில், மறுபடி ஒரு சேனலை அளந்தேன். பிளக்கில் 196. ரிசீவரில் வெட்டுப்படாமல் வந்தது 21.6 வோல்ட், அதாவது 57 வாட். சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்கு ரெகுலேஷன் கிடையாது, வெளியே குறைந்தால் உள்ளேயும் அதே விகிதத்தில் குறையும், வாட்டோ அந்த விகிதத்தின் வர்க்கப்படி குறையும். பவர்கட் நேரத்தில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்டுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கெப்பாசிட்டர் நிரம்புவது அலையின் உச்சிக்கு, சைன் அலையில் 230 வோல்ட்டின் உச்சி 325, ஸ்கொயர் அலையில் உச்சியே 230 பக்கம்தான். பாதி வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டெபிலைசர் வாங்கினாலும் டிவிக்கு விற்கும் சின்னது வேண்டாம், ரிசீவர் இழுக்கும்போது அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

இவ்வளவு படித்துவிட்டு 41 வாட்தானா என்று மனம் உடைந்துவிடாதீர்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 77க்கும் 57க்கும் உள்ள வித்தியாசம் 1.3 டெசிபல், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். உங்கள் ஹாலையே எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 88 டெசிபல் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம்), நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள், அறைச் சுவர்களின் உதவியோடு 7 டெசிபல் குறையும் என்று வைத்தால், 1 வாட்டுக்கு உங்கள் காதில் 81. வசனக் காட்சிகளுக்கு அந்த ஒரு வாட்டே தாராளம். தியேட்டரில் ஒரு சேனலின் உச்ச அடி 105 டெசிபல் வரை போகும்படி அமைப்பார்கள், வீட்டில் அதைவிடப் பத்து குறைவாக 95 வைத்தாலே பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். 81லிருந்து 95க்குப் போக 25 வாட் போதும். முழு 105 வேண்டும் என்றால்தான் 250 வாட், அது இந்த விலையில் எந்த ரிசீவரிலும் கிடையாது. தவிர படத்தில் ஏழு சேனலும் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போவது மிக அபூர்வம். வெடிச்சத்தம் நடுவில், மழை பின்னால், இசை முன்னால் என்று மாறி மாறித்தான் இழுக்கும், தொட்டி நிரம்ப நேரம் கிடைத்துவிடும். எல்லா சேனலும் ஓடும்போது கிடைக்கும் வாட்டை நான் பார்ப்பது ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளத்தான், தினமும் அவ்வளவு தேவை என்பதற்காக இல்லை.

அப்படியானால் மச்சானுடைய 60 வாட் ஏன் கனமாகக் கேட்டது? எனக்கு வாட் மேல் சந்தேகம் கடைசியில்தான் வருகிறது. வால்யூம் குமிழ் பாதியில் இருப்பதை வைத்து இரண்டையும் ஒப்பிட்டிருப்பீர்கள். குமிழ் எங்கே நிற்கிறது என்பதற்கும் பவருக்கும் சம்பந்தமில்லை. ஒன்று சீக்கிரம் ஏறும், ஒன்று மெதுவாக ஏறும். இரண்டை மாற்றி மாற்றி ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவதுகூட 'கனம்' என்றுதான் காதுக்குப் படும். அதே 100 ஹெர்ட்ஸ் டோனை மெல்லிய சத்தத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் இரண்டிலும் 1 வோல்ட் காட்டும்படி சரிசெய்துவிட்டு அப்புறம் பாட்டைப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது, ரிசீவரை ஆட்டோ செட்டப் செய்தபோது அது உங்கள் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று எடுத்துக்கொண்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் சப்வூஃபருக்கு அனுப்பியிருக்கும். சப்வூஃபர் சத்தம் குறைவாக இருந்தால் பாட்டு மெலிந்துதான் கேட்கும். மச்சானுடைய ஆம்ப்ளிஃபயரில் அந்தப் பிரிவே இல்லை, பாஸ் முழுவதும் ஸ்பீக்கருக்கே போயிருக்கும், கூடவே பாஸைத் தூக்கிக் காட்டும் 'லவுட்னஸ்' பட்டன் அமுங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மெனுவில் இம்பீடன்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4 ஓமுக்கு மாற்றினால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிக பவர் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது சப்ளை வோல்ட்டைக் கீழே இறக்கி வைக்கும் ஏற்பாடு, பவர் பாதியாகக்கூடக் குறையும். யாராவது மாற்றி வைத்திருந்தால் உங்கள் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8க்கே திருப்பிவிடுங்கள். கடலூரில் நீங்கள் இருக்கும் தூரத்துக்கு உப்புக்காற்று வரும்தானே, ஸ்பீக்கர் ஒயர் நுனி பச்சை பிடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பை மாட்டுங்கள். ரிசீவரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், மேலே நான்கு விரலாவது இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் செய்தும் முன் இரண்டு ஸ்பீக்கரும் பெரிய சத்தத்தில் திணறினால், ரிசீவரின் பின்பக்கம் 'ப்ரீ அவுட்' (பவர் ஏற்றாத சிக்னலை வேறு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சாக்கெட்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ரிசீவர் வேண்டாம். மச்சானுடைய அதே ஆம்ப்ளிஃபயரைக் கேட்டு வாங்கி, ப்ரீ அவுட்டிலிருந்து அதன் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுத்து, அதன் வால்யூமை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, முன் இரண்டு சேனலையும் அதில் ஓட்டுங்கள். ரிசீவரின் ட்ரான்ஸ்ஃபார்மர் மிச்சம் இருக்கும் சேனல்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு, ஆட்டோ செட்டப்பை ஒருமுறை மறுபடி ஓட்டிவிடுங்கள்.